கோப்பை ஒன்று... பள்ளிகள் 700! இண்டியானா கூடைப்பந்தில் யாருக்கு இடம் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை?

அமெரிக்காவில் 50 மாநிலங்கள். ஒவ்வொரு மாநிலத்திலும் பள்ளி விளையாட்டுகளை நடத்த ஒரு சங்கம் இருக்கிறது. எந்தப் பள்ளி உறுப்பினர், யார் யாரோடு மோதலாம், எந்த வயது வரை ஆடலாம் என்று எல்லாவற்றையும் முடிவு செய்வது அந்தச் சங்கம்தான். பள்ளி அணிகளுக்கு அதிகாரபூர்வமான தேசியப் போட்டி கிடையாது. மாநில சாம்பியன் பட்டம்தான் உச்சம்.

இந்தச் சங்கங்களில் அதிகம் பேசப்பட்ட ஒன்று, இண்டியானா மாநிலத்தின் உயர்நிலைப் பள்ளி விளையாட்டுச் சங்கம். 1903-ல் தொடங்கப்பட்டது. அந்தக் காலத்தில் பள்ளி அணிகளில் நடந்த கூத்து கொஞ்சநஞ்சமல்ல. பள்ளிப் பக்கமே போகாத ஆட்கள் பள்ளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஆடினார்கள். வயது தாண்டியவர்கள் ஆடினார்கள். இதற்கெல்லாம் ஒரு வரைமுறை கொண்டுவரத்தான் பள்ளிகள் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்தன.

விதிகள் நல்ல நோக்கத்தில்தான் பிறந்தன. ஆனால், 'யார் உள்ளே, யார் வெளியே?' என்று முடிவு செய்யும் அதிகாரமும் அதே விதிகளோடு சங்கத்தின் கைக்கு வந்தது. அதன்பிறகு நடந்ததுதான் கதை!

ஏன் கூடைப்பந்து?

கூடைப்பந்தை ஜேம்ஸ் நேஸ்மித் உருவாக்கியது 1891-ல், மாசசூசெட்ஸ் மாநிலத்தில். ஆனால், அதைத் தத்தெடுத்து வளர்த்தது இண்டியானாதான் என்று அந்த மாநிலத்துக்காரர்கள் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். 1925-ல் பள்ளி இறுதிப்போட்டியைப் பார்க்க நேஸ்மித்தே அங்கு வந்திருந்தார்.

காரணம் எளிது. இண்டியானா அன்று சோளம் விளையும் பூமி. சின்னச் சின்ன ஊர்கள், ஊருக்கொரு பள்ளி. அமெரிக்கக் கால்பந்துக்கு 11 பேர் வேண்டும். மொத்தமே 30, 40 பையன்கள் படிக்கும் பள்ளியில் 11 பேரைத் தேற்றுவது கஷ்டம். கூடைப்பந்துக்கு ஐந்து பேர் போதும். வயல் வேலை இல்லாத பனிக்காலத்தில், கூரைக்குக் கீழே ஆடலாம். வெள்ளிக்கிழமை இரவு ஊரே பள்ளி அரங்கில் கூடிவிடும்.

1911-ல் முதல் மாநிலப் போட்டி நடந்தது. வந்தவை 12 அணிகள் மட்டுமே. கிராஃபோர்ட்ஸ்வில் பள்ளி சாம்பியன் ஆனது. அடுத்த இரண்டே ஆண்டுகளில் விங்கேட் என்ற குட்டி ஊரின் பள்ளி, 1913, 1914 என இரண்டு முறை தொடர்ந்து கோப்பையைத் தூக்கியது. அந்தப் பள்ளிக்கு உள்ளரங்கமே கிடையாது!

பள்ளிகள் வேகமாகச் சேர்ந்தன. 1938-ல் போட்டியில் கலந்துகொண்ட அணிகள் 787. இத்தனைக்கும் கோப்பை ஒன்றுதான். 50 பேர் படிக்கும் பள்ளியும், 2,000 பேர் படிக்கும் பள்ளியும் ஒரே போட்டியில் மோத வேண்டும். முதலில் பக்கத்து ஊர்ப் பள்ளிகளோடு வட்டாரச் சுற்று, அடுத்து மண்டலம், அதற்கடுத்த சுற்று, கடைசியில் மாநில இறுதி. ஒரு முறை தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

'எல்லோருக்கும் ஒரே கோப்பை' என்பதுதான் இண்டியானாவின் பெருமை. ஆனால், அந்த 'எல்லோரும்' என்ற சொல்லுக்குள் எல்லோரும் இல்லை.

கதவுக்கு வெளியே ஒரு பள்ளி

1920-களில் இண்டியானாவில் கு க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பு கொடிகட்டிப் பறந்தது. அதுவரை இண்டியானாபொலிஸ் நகரின் கறுப்பின மாணவர்கள் மற்றவர்களோடு ஒரே உயர்நிலைப் பள்ளிகளில்தான் படித்துவந்தார்கள். அவர்களைத் தனியாகப் பிரித்து ஒரே பள்ளியில் சேர்ப்பது என்று நகரக் கல்வி வாரியம் முடிவெடுத்தது. கறுப்பின மக்கள் எதிர்த்தும் பலனில்லை. 1927-ல் அந்தப் பள்ளி திறக்கப்பட்டது.

அதற்கு முதலில் முடிவான பெயர், தாமஸ் ஜெஃபர்சன். அவர் அமெரிக்க அதிபர்தான். கூடவே, அடிமைகளை வைத்திருந்தவர். கறுப்பின மக்கள் மனு கொடுத்துப் பெயரை மாற்றவைத்தார்கள். 1770-ல் பாஸ்டனில் பிரிட்டிஷ் படையினர் சுட்டதில் உயிரிழந்த கறுப்பினத்தவரான கிறிஸ்பஸ் ஆட்டக்ஸின் பெயர் பள்ளிக்குச் சூட்டப்பட்டது.

ஒதுக்கிவைக்கக் கட்டிய பள்ளியில் ஒரு நல்லதும் நடந்தது. முதுகலையும் முனைவர் பட்டமும் முடித்த கறுப்பின ஆசிரியர்களுக்கு அன்று கல்லூரிகளில் வேலை கிடைப்பது குதிரைக்கொம்பு. அவர்களில் பலர் ஆட்டக்ஸ் பள்ளிக்குப் பாடம் நடத்த வந்தார்கள்.

விளையாட்டுச் சங்கத்தில் சேர ஆட்டக்ஸ் விண்ணப்பித்தது. கிடைத்த பதில்: முடியாது! அப்போது சங்கத்தை நடத்திக்கொண்டிருந்தவர் ஆர்தர் டிரெஸ்டர். 1913-லிருந்து 1944 வரை சங்கம் என்றால் அவர்தான். அவர் தரப்பு சொன்ன காரணம் இது: 'சங்கத்தில் பொதுப் பள்ளிகளுக்கு மட்டுமே இடம். ஆட்டக்ஸில் எல்லா மாணவர்களும் சேர முடியாது. ஆகவே அது பொதுப் பள்ளி அல்ல.'

கறுப்பினப் பிள்ளைகளை மட்டும் அங்கே அனுப்பியது யார்? அரசு நிர்வாகம். அந்தப் பிரிவினையையே காரணமாகக் காட்டி வாசலில் நிறுத்தியது சங்கம். மாநிலத்தின் மற்ற கறுப்பினப் பள்ளிகளுக்கும் இதே கதிதான். கத்தோலிக்கப் பள்ளிகளுக்கும் இடமில்லை.

உறுப்பினர் இல்லையென்றால் மாநிலப் போட்டி கிடையாது. உறுப்பினர் பள்ளிகளோடு சாதாரணமாக ஆடுவதே சிக்கல். ஆட்டக்ஸ் பையன்கள் எதிரணி தேடி வேறு மாநிலங்களின் கறுப்பினப் பள்ளிகளுக்குப் பயணம் போனார்கள். தெரு முனையில் இருக்கும் பள்ளியோடு ஆட முடியாது, மாநிலம் தாண்டிப் போய் ஆடலாம்!

15 ஆண்டு காத்திருப்பு

1940-ல் ராபர்ட் புரோக்கன்பர் என்ற வழக்கறிஞர், இண்டியானா செனட்டுக்குத் தேர்வான முதல் கறுப்பினத்தவர் ஆனார். மறு ஆண்டே, விளையாட்டுச் சங்கத்தின் கதவைத் திறக்க அவர் ஒரு மசோதா கொண்டுவந்தார். செனட்டில் நிறைவேறிய மசோதா, கீழவையில் தோற்றது. ஆனாலும் அழுத்தம் குறையவில்லை. சங்கமே இறங்கிவந்தது. 1942 ஆகஸ்டு முதல் கறுப்பினப் பள்ளிகள், கத்தோலிக்கப் பள்ளிகள், தனியார் பள்ளிகள் எல்லாம் உறுப்பினராகலாம் என்று விதி மாறியது.

ஆட்டக்ஸ் திறந்து 15 ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்தப் 15 ஆண்டுகளில் படித்து வெளியேறிய மாணவர்களுக்கு, 'நாங்களும் மாநிலப் போட்டியில் ஆடினோம்' என்று சொல்லிக்கொள்ள ஒரு நாள்கூடக் கிடைக்கவில்லை.

உள்ளே வந்த பிறகும் பாதை சுலபமாக இல்லை. பள்ளியின் உள்ளரங்கம் மிகச் சிறியது. பார்வையாளர்களை உட்காரவைத்துப் போட்டி நடத்த முடியாது. எனவே, சொந்த ஊர் ஆட்டம் என்பதே அவர்களுக்குக் கிடையாது. வெளியூர் போனால் பல உணவகங்களில் உள்ளே விட மாட்டார்கள்.

1950-ல் ரே க்ரோ பயிற்சியாளராகப் பொறுப்பேற்றார். நடுவரோடு வாக்குவாதம் கூடாது, எதிரணி சீண்டினால் பொங்கக் கூடாது என்பதில் அவர் கறார். நடுவரின் ஒரு தவறான முடிவால் ஆட்டம் கைநழுவக் கூடாது என்றால், பெரிய வித்தியாசத்தில் முன்னிலையில் இருப்பதுதான் வழி. அவருடைய அணிகள் அப்படித்தான் ஆடின. முதல் சீசனிலேயே, 1951-ல், ஆட்டக்ஸ் மாநிலத்தின் கடைசி நான்கு அணிகளில் ஒன்றாக வந்து நின்றது.

மைலன் அதிசயம்!

ஆட்டக்ஸ் கோப்பையைத் தொடும் முன்பு, ஒற்றைக் கோப்பையின் மிகப் பிரபலமான ஆட்டம் நடந்தது. 1954 மார்ச் 20. இடம், இண்டியானாபொலிஸின் பட்லர் ஃபீல்டுஹவுஸ் அரங்கம். அந்த ஆண்டு போட்டியில் இறங்கிய பள்ளிகள் 751. இறுதிக்கு வந்த ஒரு பள்ளி, மன்சி சென்ட்ரல். பலமுறை கோப்பை வென்ற பெரிய பள்ளி. எதிரே மைலன். அங்கே படித்தவர்கள் மொத்தமே 161 பேர்.

மைலனின் பயிற்சியாளர் மார்வின் வுட்டுக்கு அப்போது வயது 26. 'பெரிய அணியோடு வேகமாக ஆடினால் தாங்க முடியாது' என்பது அவருக்குத் தெரியும். கடைசிப் பகுதியில் பாபி பிளம்ப் என்ற வீரர், பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நான்கு நிமிடத்துக்கும் மேல் சும்மா நின்றார். குறிப்பிட்ட நேரத்துக்குள் பந்தை எறிந்தாக வேண்டும் என்ற விதி அன்று பள்ளி ஆட்டங்களில் இல்லை. கடைசி நொடிகளில் அதே பிளம்ப் எறிந்த பந்து வளையத்துக்குள் இறங்க, 32-30 என மைலன் வென்றது.

மறுநாள், ஆயிரத்துச் சொச்சம் பேர் வாழும் அந்த ஊருக்கு வீரர்களை வரவேற்கச் சுமார் 40,000 பேர் திரண்டார்கள் என்று சொல்லப்படுகிறது. இந்தக் கதையை வைத்துத்தான் 1986-ல் ஜீன் ஹேக்மேன் நடித்த 'ஹூசியர்ஸ்' படம் வந்தது.

அதே 1954 போட்டியில், இறுதிக்கு முந்தைய கட்டத்தில் மைலன் 65-52 என்று தோற்கடித்தது ஆட்டக்ஸ் அணியைத்தான். அந்தத் தோற்ற அணியில் இரண்டாம் ஆண்டு மாணவராக ஆடிக்கொண்டிருந்தார் ஆஸ்கர் ராபர்ட்சன்.

ஜெயித்தார்கள், ஆனால்...

1955. ஆட்டக்ஸ் இறுதிக்கு வந்தது. எதிரணி, கேரி நகரின் ரூஸ்வெல்ட் பள்ளி. அதுவும் கறுப்பினப் பள்ளி! 13 ஆண்டுகளுக்கு முன்பு வாசலில் நிறுத்தப்பட்ட இரு பள்ளிகள், இப்போது மாநிலத்தின் கோப்பைக்காக மோதின. 97-74 என ஆட்டக்ஸ் வென்றது. மாநிலத் தலைநகரான இண்டியானாபொலிஸில் இருந்து எந்தப் பள்ளியும் அதுவரை அந்தக் கோப்பையை வென்றதில்லை. அந்தக் குறையைத் தீர்த்தவர்கள், நகரம் ஒதுக்கிவைத்த பிள்ளைகள்.

ஜெயித்த அணி நகரின் நடுவிலுள்ள நினைவுத்தூண் வட்டத்தில் கொண்டாடுவது வழக்கம். ஆட்டக்ஸ் வீரர்களைத் தீயணைப்பு வண்டியில் ஏற்றினார்கள். வட்டத்தை ஒரு சுற்று சுற்றிய வண்டி, நிற்காமல் கறுப்பின மக்கள் வாழும் பகுதியிலுள்ள பூங்காவுக்குத் திரும்பியது. 'கலவரம் வரலாம்' என்ற பயம் அதிகாரிகளுக்கு. முந்தைய ஆண்டு மைலனுக்குக் கிடைத்த வரவேற்பையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மற்றதைச் சொல்லத் தேவையில்லை. அந்த இரவின் காயம் பல ஆண்டுகள் தனக்குள் இருந்ததை ராபர்ட்சன் பின்னாளில் தன் சுயசரிதையில் எழுதினார்.

1956-ல் மீண்டும் ஆட்டக்ஸ். 31 ஆட்டங்கள், 31 வெற்றிகள். ஒரு தோல்விகூட இல்லாமல் சாம்பியன் ஆன முதல் இண்டியானா பள்ளி அதுதான். இறுதிப்போட்டியில் ராபர்ட்சன் மட்டும் எடுத்தது 39 புள்ளிகள். 1959-ல் மூன்றாவது கோப்பையும் வந்தது.

ராபர்ட்சன் 1960 ரோம் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார். என்.பி.ஏ-வின் சிறந்த வீரர்களில் ஒருவரானார். வீரர் சங்கத் தலைவராக அவர் தொடுத்த வழக்குதான், ஓர் அணியிலிருந்து விலகி இன்னோர் அணியில் சேரும் உரிமையை வீரர்களுக்குப் பெற்றுத்தருவதில் பெரும்பங்கு வகித்தது.

பள்ளிகளில் இனப் பிரிவினையை ஒழிக்க இண்டியானா 1949-லேயே சட்டம் போட்டிருந்தது. அது மெல்ல நகர்ந்தது. ஆட்டக்ஸின் வெற்றிக்குப் பிறகு, நகரின் மற்ற பள்ளிகளும் கறுப்பின வீரர்களைத் தேடிச் சேர்க்கத் தொடங்கின. சட்டத்தால் முடியாததைக் கோப்பை ஆசை கொஞ்சம் வேகப்படுத்தியது.

காணாமல்போன பள்ளிகள்

ஒருபக்கம் புதிய பள்ளிகள் உள்ளே வந்தன. மறுபக்கம் பழைய பள்ளிகள் மறைந்தன. 1959-ல் பள்ளி நிர்வாகங்களை மறுசீரமைக்கும் சட்டம் வந்தது. 40, 50 பேர் படிக்கும் பள்ளியில் ஆய்வகம், நூலகம், தனித்தனிப் பாட ஆசிரியர் என்று எல்லா வசதியும் செய்ய முடியாது என்பது அரசின் வாதம். அதில் நியாயமும் இருந்தது. நான்கைந்து ஊர்ப் பள்ளிகளை இணைத்து ஒரு பெரிய பள்ளி ஆக்கினார்கள்.

ஊர்க்காரர்களுக்கு அது அவ்வளவு எளிதாக இல்லை. பள்ளியோடு அணியின் பெயரும் நிறமும் போயின. வெள்ளிக்கிழமை இரவு ஊர் கூடும் இடமும் போனது. நேற்று வரை எதிரிகளாக மோதிய இரண்டு ஊர்ப் பையன்கள் ஒரே சட்டையில் ஆட வேண்டிய நிலை. 1938-ல் 787 ஆக இருந்த அணிகளின் எண்ணிக்கை, 1997-ல் 382 ஆனது. பாதிக்கும் குறைவு!

அந்தக் காலம் விட்டுச்சென்ற பிரமாண்ட அரங்கங்கள் சில இன்னும் நிற்கின்றன. நியூ காசில் என்ற ஊரின் மக்கள்தொகை 20,000-ஐக்கூடத் தொடாது. அதன் பள்ளி அரங்கில் 8,000 பேருக்கு மேல் உட்காரலாம். ஆண்டர்சன் நகரில் சுமார் 9,000 பேர் அமரக்கூடிய 'விக்வாம்' அரங்கம் இருந்தது. பராமரிப்புச் செலவு தாங்காமல் 2011-ல் பள்ளி நிர்வாகம் அதை மூடியது.

பெண்களுக்கு 65 ஆண்டுகள்!

ஆண்களுக்கு 1911-ல் தொடங்கிய மாநிலக் கூடைப்பந்துப் போட்டி, பெண்களுக்கு எப்போது வந்தது தெரியுமா? 1976-ல்! அரசு நிதி பெறும் கல்வி நிலையங்களில் ஆண், பெண் பாகுபாடு கூடாது என்று 1972-ல் அமெரிக்க அரசு சட்டம் கொண்டுவந்த பிறகுதான் இது நடந்தது. முதல் கோப்பையை வென்றது வார்சா பள்ளி. அதன் நட்சத்திரம், ஜூடி வாரன் என்ற மாணவி. வளையமும் பந்தும் அரங்கமும் பல பள்ளிகளில் முன்பே இருந்தன. அனுமதி மட்டும் இல்லை.

ஒன்று நான்கான கதை

90-களில் புதிய சண்டை தொடங்கியது. பள்ளிகள் இணைந்து பெரிதாகிவிட்டன. மைலனுக்குப் பிறகு 40 ஆண்டுகளாக அத்தனை சிறிய பள்ளி எதுவும் கோப்பையைத் தொடவில்லை. 'ஆயிரக்கணக்கான பேரிலிருந்து ஐந்து பேரைத் தேர்ந்தெடுக்கும் பள்ளியோடு நாங்கள் எப்படி மோதுவது? எங்கள் பிள்ளைகளுக்கும் ஒரு கோப்பை வேண்டாமா?' என்று சிறிய பள்ளிகள் பல கேட்டன. மாணவர் எண்ணிக்கையை வைத்துப் பள்ளிகளை நான்கு பிரிவாக்கி, நான்கு கோப்பை கொடுக்கலாம் என்ற யோசனை வந்தது.

மாநிலமே இரண்டாகப் பிரிந்து விவாதித்தது. எதிர்த்தவர்களில் முன்னணியில் நின்றவர் யார்? மைலனின் அதே பாபி பிளம்ப்! 'ஒரே கோப்பை இருந்ததால்தான் எங்கள் வெற்றிக்கு மதிப்பு' என்பது அவர் தரப்பு.

1996-ல் சங்கத்தின் நிர்வாகக் குழு மாற்றத்தை ஏற்றது. எதிர்ப்பு வலுக்கவே, பள்ளி முதல்வர்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 220, எதிர்ப்பு 157. 1997-ல் கடைசி ஒற்றைக் கோப்பையை ப்ளூமிங்டன் நார்த் பள்ளி வென்றது. அடுத்த சீசனில் இருந்து நான்கு பிரிவுகள், நான்கு சாம்பியன்கள். நால்வரையும் மோதவிட்டு ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் முயற்சி இரண்டு ஆண்டுகள் நடந்து, கைவிடப்பட்டது.

பலன்? கேலரிகளில் கூட்டம் குறைந்தது. பக்கத்து ஊர்ப் பள்ளி வேறு பிரிவுக்குப் போய்விட்டால், தாத்தா காலத்துப் பகையோடு மோத ஆளில்லை. சிறிய பிரிவுகளில் தனியார் பள்ளிகள் அடிக்கடி வென்றதால் அடுத்த சலசலப்பு வந்தது. தொடர்ந்து ஜெயிக்கும் அணியை மேல் பிரிவுக்கு ஏற்றிவிடும் விதியை 2012-ல் சங்கம் கொண்டுவந்தது. அதே ஆண்டு, பழைய முறைக்குத் திரும்பலாமா என்று பல ஊர்களில் பொதுக்கூட்டங்கள் நடத்தியது. ஆனால், நான்கு கோப்பை முறை மாறவில்லை.

இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். நான்கு பிரிவு வந்த பிறகு, அதுவரை மாநில இறுதியை டி.வி-யில் மட்டுமே பார்த்த பல சின்ன ஊர்கள் முதல்முறையாகத் தங்கள் பிள்ளைகளை அங்கே அனுப்பிவைத்தன. எங்கோ 1954-ல் ஒரு முறை நடந்த அதிசயத்துக்காக, எல்லாச் சிறிய பள்ளிகளும் ஒவ்வோர் ஆண்டும் முதல் சுற்றில் தோற்க வேண்டுமா என்பது அவர்களின் கேள்வி. இதற்கு பிளம்பிடமும் முழுமையான பதில் இருந்திருக்காது.

மீண்டும் ஆட்டக்ஸ்

மாணவர் எண்ணிக்கை சரிந்ததால் ஆட்டக்ஸ் 1986-ல் நடுநிலைப் பள்ளியாகக் குறைக்கப்பட்டது. அதோடு சங்கத்தின் உயர்நிலைப் பள்ளிப் பட்டியலில் இருந்தும் பெயர் போனது. முன்பு விதியால் வெளியே நின்ற பள்ளி, இந்த முறை எண்ணிக்கையால் வெளியேறியது. 2000-களில் அது மறுபடி உயர்நிலைப் பள்ளியாகி, சங்கத்துக்குத் திரும்பியது.

2017 மார்ச். மூன்றாம் பிரிவின் இறுதிப்போட்டி. ட்வின் லேக்ஸ் பள்ளியை 73-71 என வென்று, 58 ஆண்டுகளுக்குப் பிறகு ஆட்டக்ஸ் மாநில சாம்பியன் ஆனது. ஒற்றைக் கோப்பைக்காகப் போராடி உள்ளே நுழைந்த பள்ளிக்கு, நான்கில் ஒரு கோப்பை. மதிப்பு கொஞ்சம் குறைவு என்று சொல்பவர்கள் இருக்கலாம். அந்த 2017 அணியின் பையன்களிடம் அதைச் சொல்லிப் பார்க்க வேண்டும்!

1955 சாம்பியன்களை நகரம் ஒருவழியாகக் கொண்டாடியதும் நடந்தது. 2015-ல், இண்டியானாபொலிஸின் புகழ்பெற்ற கார் பந்தயத்தை ஒட்டி நடக்கும் அணிவகுப்பில் அவர்களுக்கு மரியாதை செய்யப்பட்டது. 60 ஆண்டுகள் தாமதம். அணியின் சிலர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள். பயிற்சியாளர் ரே க்ரோவும் உயிரோடு இல்லை.

'ஹூசியர்ஸ்' படத்தை அடுத்த முறை பார்க்க வாய்த்தால், இறுதிப்போட்டியில் எதிரணியின் பயிற்சியாளராக வருபவரைக் கவனியுங்கள். கதைப்படி தோற்கும் அணியின் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அவர்தான், நிஜத்தில் ஆட்டக்ஸுக்கு இரண்டு கோப்பைகளை வாங்கித்தந்த ரே க்ரோ!